கணக்கு சரியா, சிஸ்டர்?

(செவிலியர் தினத்தை ஒட்டி நூலக வாசகர் வட்டம் ஒன்றில், அரசு மருத்துவமனைகளின் அறுவை அரங்குகளில் பணியாற்றி ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்.)



ஒரு தாலியிலிருந்து தொடங்குகிறேன்.

ஆபரேஷனுக்கு வருகிறவர்களைத் தியேட்டர் வாசலில் வாங்கிக்கொள்வது எங்கள் வேலை. பெயர் என்ன, காலையில் ஏதாவது சாப்பிட்டீர்களா, கட்டுப்பல் இருக்கிறதா, கையெழுத்து போட்டாயிற்றா என்று கேட்டுக்கொண்டே நகைகளைக் கழற்றச் சொல்வோம். வளையல் வந்துவிடும். தோடு வந்துவிடும். மூக்குத்தித் திருகு இறுகியிருந்தால் எண்ணெய் தொட்டு நாங்களே கழற்றுவோம். மெட்டி வரைக்கும் சிக்கல் இல்லை. தாலி என்றதும் கை நின்றுவிடும். உள்ளே காட்டரி என்று ஒரு கருவி வைத்திருக்கிறோம். மின்சாரத்தால் இரத்தக் குழாயைச் சுட்டு அடைப்பது. உடம்பில் உலோகம் கிடந்தால் அந்த இடத்தில் சுட்டுவிடலாம். இதையெல்லாம் சொல்லிப் புரியவைக்க அங்கே நேரம் இருக்காது. மஞ்சள் துண்டைக் கயிற்றில் கோத்துக் கட்டிக்கொண்டு வந்திருக்கும் பெண்கள் உண்டு. ஒன்றும் தெரியாமல் வந்து நிற்பவர்களும் உண்டு.

தொண்ணூறுகளின் கடைசியில், ஒரு தென்மாவட்டத்து ஆஸ்பத்திரியில், அப்படி ஓர் அம்மா வந்து நின்றார். நாற்பத்தைந்து வயது இருக்கும். கர்ப்பப்பையில் கட்டி, மாதக்கணக்காக உதிரப்போக்கு, உதடெல்லாம் வெளுத்துக் கிடந்தது. வெகுநேரம் யோசித்துவிட்டுத் தாலியைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை அவரே மடக்கிவிட்டார். "வெளிய நிக்கிற மனுசன்கிட்ட குடுத்துறாத தாயி. நேரா அடகுக் கடைக்குப் போயிரும். நாளைக்கு எம் மக வருவா. அதுவரைக்கும் நீயே வச்சிரு" என்றார்.

உறவினரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்குவதுதான் முறை. அன்று அந்த அம்மாவின் முன்னாலேயே ஒவ்வொன்றாக எண்ணி, தாலி இரண்டு, குண்டு ஆறு, பவளம் நான்கு என்று ரிஜிஸ்டரில் எழுதி, அவரிடம் கைநாட்டு வாங்கி, காஸ் துணியில் சுற்றி இன்சார்ஜ் சிஸ்டரின் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அவர் என்னைப் பார்த்துப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை. கட்டிய கணவரை நம்பாதவர் என்னை நம்பினார். அந்த மஞ்சள் கயிற்றின் ஈரம் இன்னும் என் கையில் இருப்பதுபோல் தோன்றும்.

தியேட்டர் நர்ஸ் வேலை என்றால் டாக்டர் கேட்பதை எடுத்துக் கொடுப்பது என்று பலர் நினைக்கிறார்கள். சினிமாவில் அப்படித்தான் காட்டுகிறார்கள். வியர்வையைத் துடைப்பதும் உண்டு. ஆனால் எங்கள் நாள் டாக்டர் வருவதற்கு வெகு முன்பே தொடங்கிவிடும். காலை ஏழு மணிக்கு முதலில் பார்ப்பது, துணிகளை நீராவியில் கிருமிநீக்கும் ஆட்டோகிளேவ் டிரம்மின் மேல் ஒட்டிய டேப்பை. வெளிறிய கோடுகள் கறுத்திருக்க வேண்டும். கறுத்திருந்தால் டிரம் சூட்டைக் கண்டிருக்கிறது என்று மட்டும்தான் பொருள். 121 டிகிரி நீராவி உள்ளே மடித்து வைத்த துணியின் நடுமடிப்பு வரை போயிற்றா என்பதை அந்த டேப் சொல்லாது. அதற்கு உள்ளே வைக்கும் அட்டையையும், அவ்வப்போது நடத்தும் கிருமிச் சோதனையையும் பார்க்க வேண்டும். டிரம்மைத் திறந்ததும் துணி ஈரமாக இருந்தால் மொத்தத்தையும் திருப்பி அனுப்ப வேண்டும். முதல் கேஸ் தாமதமாகும். வசவு கிடைக்கும். வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

ஒரு மேசைக்கு இரண்டு நர்ஸ் வேண்டும். ஒருவர் கைகழுவி, கவுன் போட்டு, ட்ராலியோடு நிற்பவர், ஸ்க்ரப் என்போம். இன்னொருவர் கைகழுவாமல் வெளியே சுற்றுகிறவர், சர்க்குலேட்டிங் என்போம். நூல் பிரித்துக் கொடுப்பதும், இரத்தம் வாங்க ஆள் அனுப்புவதும், விளக்கைத் திருப்புவதும், எழுதுவதும் அவர் வேலை. ஸ்க்ரப் நர்ஸின் திறமை பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கத்திரிக்கோலைக் கொடுக்கும்போது டாக்டர் தலையைத் தூக்கக் கூடாது. கைப்பிடி அவர் உள்ளங்கையில் 'பட்'டென்று ஓசையோடு விழ வேண்டும்; அந்த ஓசைதான் 'வந்துவிட்டது' என்று அவருக்குச் சொல்லும் மொழி. மெல்ல வைத்தால் அவர் திரும்பிப் பார்ப்பார். திரும்பிப் பார்க்கும் அந்த ஒரு நொடியில் இரத்தம் கசியும் இடம் கண்ணை விட்டுத் தப்பிவிடும். நல்ல நர்ஸ் ட்ராலியைப் பார்த்துக்கொண்டு நிற்கமாட்டார். வயிற்றுக்குள் நடப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார்; கேட்பதற்கு முன்பே ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ் கையில் தயாராக இருக்கும். இது புத்தகத்தில் வராது. ஒரே டாக்டரோடு நூறு கேஸ் நின்றால் வரும்.

கை என்றதும் ஒருவரைச் சொல்லாமல் போகக் கூடாது. கரோலைன் ஹாம்ப்டன். அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்தில் 1889இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை திறந்தபோது அங்கே அறுவை அரங்கின் தலைமைச் செவிலியர். கிருமியைக் கொல்வதற்காக அன்று பாதரசக் குளோரைடு கரைசலில் கையை முக்கி எடுப்பார்கள். அது அவருடைய கைகளைப் புண்ணாக்கிவிட்டது. தோல் வெடித்து, வேலையையே விட வேண்டிய நிலை. அங்கே அறுவை மருத்துவராக இருந்த வில்லியம் ஹால்ஸ்டெட், குட்இயர் ரப்பர் கம்பெனியிடம் சொல்லி மெல்லிய ரப்பர் கையுறை இரண்டு ஜோடி செய்து வாங்கிக் கொடுத்தார். அறுவை அரங்கில் கையுறை வழக்கமானதற்கு ஆரம்பம் அதுதான். நோயாளியைக் காப்பதற்கென்று வந்ததல்ல. ஒரு நர்ஸின் கையைக் காப்பாற்ற வந்தது. மற்றவர்களும் போடத் தொடங்கிய பிறகு, சில ஆண்டுகள் கழித்தே, காயம் சீழ் பிடிப்பது குறைகிறது என்று கவனித்தார்கள். கரோலைன் 1890இல் ஹால்ஸ்டெட்டை மணந்துகொண்டு வேலையை விட்டுவிட்டார். இதைக் காதல் கதையாகவே சொல்லிச் சொல்லிப் பழக்கிவிட்டார்கள். வெடித்த கையோடு தினமும் அந்தக் கரைசலில் கை முக்கிய பெண்ணைத்தான் நான் நினைத்துக்கொள்வேன்.

இனி அந்த அம்மாவின் ஆபரேஷனுக்கு வருகிறேன்.

முதுகில் ஊசி போட்டுத்தான் செய்தோம். ஊசி போடும்போது முதுகை வில்லாக வளைத்து உட்கார வேண்டும். பயத்தில் யாருக்கும் வளையாது. எதிரே நின்று அவர் தலையை நம் தோளில் சாய்த்து, இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொள்வோம். ஊசி இறங்கும்போது அவர் மூச்சு நம் கழுத்தில் படும். இது எந்தப் பணிப் பட்டியலிலும் இல்லாத வேலை. அதன்பின் நெஞ்சுக்குக் கீழே மரத்துவிடும். நினைவு மட்டும் இருக்கும். மார்புக்கு நேரே ஒரு துணித்திரை கட்டுவோம். திரைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு நாங்கள் பேசுவதெல்லாம் கேட்கும்.

அன்று நான் ஸ்க்ரப். வயிற்றைத் திறந்தால் குடலை ஒதுக்கிவைக்கவும் இரத்தம் ஒற்றவும் மாப் வைப்போம். மாப் என்றால் காஸ் துணியை நாலைந்து மடிப்பாகத் தைத்து, ஒரு மூலையில் நாடா வைத்தது. இன்று கடையில் வருகிற மாப்பில் எக்ஸ்ரேயில் தெரிகிற நூல் ஒன்று ஓடும். அந்தக் காலத்தில் மதியம் ஓய்வு கிடைக்கும்போது காஸ் தானை வெட்டி நாங்களே தைப்போம். அதில் அந்த நூல் கிடையாது. உள்ளே தங்கிவிட்டால் எக்ஸ்ரே காட்டாது. இரத்தத்தில் நனைந்த மாப் குடலுக்கு நடுவே குடலைப் போலவே இருக்கும், கண்ணும் காட்டாது. ஒன்று குறைகிறது என்று சொல்ல உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது நர்ஸின் கணக்கு. ஐந்தைந்தாகக் கட்டி, தொடங்கும் முன் இருவர் சேர்ந்து சத்தமாக எண்ணுவோம். வயிற்றை மூடும் முன் எண்ணுவோம். தோலைத் தைக்கும் முன் மறுபடி எண்ணுவோம். ஊசி, கருவி எல்லாவற்றுக்கும் இதே முறை.

கட்டியோடு கர்ப்பப்பையை எடுத்தாயிற்று. இரத்தம் நின்றாயிற்று. டாக்டர் மேடம் ஊசிக்காகக் கையை நீட்டிக்கொண்டு, "கணக்கு சரியா, சிஸ்டர்?" என்றார். எண்ணினேன். பதினைந்து கொடுத்தது, பதினான்குதான் இருந்தது. மறுபடி எண்ணினேன். பதினான்கு.

"மேடம், ஒரு மாப் குறையுது."

"நல்லா எண்ணுங்க."

"ரெண்டு தடவை எண்ணிட்டேன் மேடம்."

அவர் உள்ளே கைவிட்டுத் துழாவினார். "நான் பாத்துட்டேன், உள்ள ஒண்ணும் இல்ல. உங்க கணக்குதான் தப்பு. மூடறேன்" என்றார். அவர் அந்த ஊரில் பெயர்பெற்றவர், கைராசிக்காரர், என் அம்மா வயது. காலையிலிருந்து நாலாவது கேஸ். மயக்க டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். முதுகில் போட்ட மருந்து சுமார் இரண்டு மணி நேரம்தான் தாங்கும். எனக்குத் தொண்டை அடைத்தது. மூன்றாவது தடவையும் சொன்னேன்: "மேடம், மூடாதீங்க. ஒண்ணு குறையுது." ஊசியைப் பிடிக்கும் நீடில் ஹோல்டரை அவர் கையில் கொடுக்காமல் என் ட்ராலியிலேயே வைத்துக்கொண்டேன்.

வாளியைக் கவிழ்த்துப் பார்த்தோம். அழுக்குத் துணியை உதறினோம். மேசைக்கு அடியில் தவழ்ந்து பார்த்தார் சர்க்குலேட்டிங் சிஸ்டர். மேடம் குடலை மறுபடி ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை ஒவ்வொரு மடிப்பாகப் பார்த்தார். இருபத்தைந்து நிமிடம். அந்த நேரத்தில் அவர் என்னைச் சொன்ன வார்த்தைகளை இங்கே சொல்லவேண்டியதில்லை.

எடுத்த கட்டியை ட்ரேயில் வைத்து உறவுக்காரர்களிடம் காட்டுவது நம் ஊர் வழக்கம், உங்களுக்குத் தெரியும். வெளியே நின்ற கணவரிடம் காட்டிவிட்டு, ஃபார்மலின் பாட்டிலில் போடுவதற்காக அந்தக் கர்ப்பப்பையை அட்டெண்டர் அக்கா தூக்கியபோது, அதன் அடியில் ஒட்டிக்கொண்டு வந்தது பதினைந்தாவது மாப். "சிஸ்டர், இதுவா பாருங்க" என்று கதவருகே நின்று நாடாவைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார்.

ஆக, உள்ளே இல்லை என்று மேடம் சொன்னது சரிதான். அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். கையை நீட்டி, "குடுங்க" என்றார். தையல் தொடங்கியது. அன்றிலிருந்து அவர் ஓய்வுபெறும் வரை, நான் "சரி மேடம்" என்று சொல்லாமல் ஒரு வயிற்றையும் அவர் மூடியதில்லை.

பின்வரிசையில் சீருடையோடு உட்கார்ந்திருக்கும் நர்சிங் மாணவிகளே, இந்தக் கதையில் மாப் வயிற்றுக்குள் கிடந்திருந்தால் நான் பெரிய வீராங்கனையாகத் தெரிவேன். அது வெளியே கிடந்தது. அப்படியும் நான் நிறுத்தியது சரி என்றுதான் இன்றைக்கும் சொல்கிறேன். நமக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்ததாக வைத்துக்கொண்டு ஒரு மனுஷியின் வயிற்றை மூடக் கூடாது.

உலக சுகாதார நிறுவனம் 2008இல் அறுவை அரங்குகளுக்கென்று ஒரு சரிபார்ப்புப் பட்டியல் கொடுத்தது. அதுல் கவாண்டே என்ற அறுவை மருத்துவர் தலைமையில் உருவானது. பத்தொன்பது வரி, ஒரு பக்கத்துக்குள் அடங்கும். மயக்கம் கொடுக்கும் முன், கத்தி வைக்கும் முன், நோயாளியை அறையை விட்டு வெளியே கொண்டுபோகும் முன் என்று மூன்று முறை எல்லோரும் நிற்க வேண்டும். வாய்விட்டுச் சொல்ல வேண்டும். புதுதில்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் சோதித்துப் பார்த்த முடிவு 2009 ஜனவரியில் வெளிவந்தது. அறுவைக்குப் பின் இறப்பு நூற்றுக்கு 1.5இலிருந்து 0.8ஆகக் குறைந்திருந்தது, பெரிய சிக்கல்கள் 11இலிருந்து 7ஆக. புது மருந்து இல்லை, புது மெஷின் இல்லை. அந்தப் பட்டியலில் கருவி, துணி, ஊசிக் கணக்கை வாய்விட்டுச் சொல்லவேண்டியவர் நர்ஸ். எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது இன்னொரு வரி: கத்தி வைக்கும் முன் அறையில் உள்ள ஒவ்வொருவரும் தன் பெயரைச் சொல்ல வேண்டும். பல வருஷம் ஒரே மேசையில் நின்றும் நர்ஸின் பெயர் தெரியாத டாக்டர்கள் இருக்கிறார்கள். பெயர் சொல்லிப் பேசிய வாய், பிறகு "நிறுத்துங்க" என்றும் சொல்லும். பேசாத வாய் சொல்லாது.

ஆனால் ஒன்றை இங்கே மனம் வலித்துச் சொல்கிறேன். கேஸ் முடிந்து, டீ குடித்துவிட்டு வந்து, பட்டியலில் வரிசையாக டிக் போட்டுக் கையெழுத்து வைப்பதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆள் பற்றாக்குறையால் ஒரே சிஸ்டர் இரண்டு மேசைக்கு ஓடும்போது வேறு வழியில்லாமல் அப்படி நடக்கிறது. அவரை நான் குறைசொல்லமாட்டேன். இரண்டு மேசைக்கு ஒருவரை நிறுத்துகிறவர்களைக் குறைசொல்கிறேன். அந்தக் காகிதம் இன்ஸ்பெக்ஷனுக்கு வருபவரைத் திருப்தி செய்யலாம். மேசையில் கிடந்தவருக்கு அது ஒரு பாதுகாப்பும் தரவில்லை.

அடுத்ததாக, நான் யாரிடமும் அதிகம் சொல்லாத ஒன்று. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம். எலும்பு ஆபரேஷன். ட்ராலி விரித்துக்கொண்டிருக்கும்போது என் கவுனின் கை, பின்னால் இருந்த விளக்குக் கம்பத்தில் லேசாக உரசியது. உரசியதா, உரசியதுபோல் தோன்றியதா என்றுகூட எனக்கு நிச்சயமில்லை. யாரும் பார்க்கவில்லை. சொன்னால் கவுன் மாற்ற வேண்டும், ட்ராலியைக் கலைத்துப் புதிதாக விரிக்க வேண்டும். டாக்டர் கைகழுவி நின்றுவிட்டார். நான் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் அந்தப் பையனுக்குக் காய்ச்சல், காயத்தில் சீழ். அது என் கையால் வந்ததா, வேறெதனால் வந்ததா, கடவுளுக்குத்தான் தெரியும். ட்யூட்டி முடிந்ததும் வார்டுக்குப் போய் அவனுக்கு நானே தினமும் கட்டு மாற்றினேன். "நீங்க ரொம்ப நல்லவங்க சிஸ்டர்" என்றாள் அவன் அம்மா. அந்தச் சொல் தாங்க முடியாததாக இருந்தது. அவன் மூன்று வாரம் கூடுதலாகப் படுத்துக் கிடந்து நல்லபடியாக நடந்து போனான். அதற்குப் பிறகு, சந்தேகம் வந்தாலே கையைத் தூக்கி "நான் தொட்டுட்டேன், மாத்திக்கிறேன்" என்று சொல்லிவிடுவேன். அடுத்தவர் பார்க்காத இடத்தில் நடக்கிற தவறை நாமே சொல்வது, இந்த வேலையில் மற்ற எல்லாவற்றையும் விடக் கடினமானது.

உடம்புக் கஷ்டங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நின்று நின்று காலில் நரம்பு சுருண்டுகொள்ளும். ஆறு மணி நேரக் கேஸில் தண்ணீர் குடிக்க முடியாது, சிறுநீர் கழிக்கப் போக முடியாது. ஏ.சி. குளிர் எலும்புக்குள் இறங்கும். காட்டரி புகையை வருஷக்கணக்கில் சுவாசிக்கிறோம். ஊசி குத்துவது தனிப் பயம். இந்தியாவில் முதன்முதலில் எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது 1986இல், நம் சென்னையில், டாக்டர் சுனிதி சாலமன் குழுவினரால். நாங்கள் வேலைக்கு வந்த காலத்தில் அந்தப் பெயரே நடுக்கம் தரும். என் கையில் ஒருமுறை தையல் ஊசி ஏறியது. அப்படிக் குத்துவதால் எச்.ஐ.வி. தொற்ற வாய்ப்பு ஆயிரத்தில் மூன்று என்று பிற்பாடு படித்தேன். அன்று அந்தக் கணக்கு ஆறுதல் தந்திருக்காது. ரிசல்ட் வரும் வரை என் குழந்தைக்குச் சோறு ஊட்டக் கை கூசியது. இன்று உங்களுக்கு உடனே தொடங்கும் இருபத்தெட்டு நாள் மருந்து இருக்கிறது, எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் தொடங்கிவிட வேண்டும். ஹெபடைடிஸ் பி மஞ்சள் காமாலைக்குத் தடுப்பூசி இருக்கிறது. மூன்று டோஸையும் போட்டுவிட்டுத் தியேட்டருக்குள் காலை வையுங்கள். குத்தினால் மறைக்காதீர்கள்.

கிடைத்தது என்ன என்று கேட்பீர்கள். பெரும்பாலும் யாருக்கும் நம் முகம் தெரியாது. பாதி மாஸ்க்கில் மறைந்திருக்கும். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் வயிற்றை நான் பார்த்திருப்பேன். அவருக்கு என்னைத் தெரியாது. எனக்கு அது குறையாகப் பட்டதில்லை. சிசேரியனில் குழந்தையை வெளியே எடுத்ததும், அது அழுவதற்கு முன் ஒரு மௌனம் இருக்கும். அறையில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொள்வோம். பிறகு அந்த அழுகை. ஆயிரம் தடவை கேட்டிருப்பேன். ஒரு தடவைகூடப் பழகிப்போகவில்லை.

பிறகு, உறுப்பு தானம் நடந்த இரவுகள். 2008க்குப் பிறகு நம் மாநிலத்தில் அது ஒழுங்கான திட்டமாக நடக்கிறது. மூளைச்சாவு அடைந்தவரைக் கொண்டுவருவார்கள். இதயத்துக்கு ஒரு குழு, கல்லீரலுக்கு ஒரு குழு, சிறுநீரகத்துக்கு ஒரு குழு. ஐஸ் பெட்டிகள். எடுத்த இதயத்துக்கு நான்கு மணி நேரம்தான் அவகாசம் என்பதால் எல்லோரும் ஓடுவார்கள். அவரவர் பெட்டியோடு அவரவர் புறப்பட்டுப் போன பிறகு, தியேட்டரில் மானிட்டர் சத்தமே இல்லாமல் இருக்கும். மிஞ்சுவது, தையல் போடும் டாக்டர், நாங்கள், அவர். அப்படி ஓர் இரவில், புதிதாகச் சேர்ந்த பிள்ளை ஒருத்தி என்னைக் கேட்டாள்: "சிஸ்டர், இப்பவும் எண்ணணுமா?" எண்ணினோம். மாப், ஊசி, கருவி, எல்லாம். சத்தமாக. பிறகு வெந்நீரில் துடைத்து, தலை சீவி, புதுத் துணி போர்த்தி, வெளியே காத்திருந்த அவர் அப்பாவிடம் ஒப்படைத்தோம். 2023இல், அப்படி உறுப்பு தந்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும் என்று அரசு அறிவித்தபோது, அந்தப் பிள்ளை எனக்குப் போன் செய்தாள். இரண்டு பேருமே அதிகம் பேசவில்லை.

அந்த அம்மாவின் தாலி இன்னும் அலமாரியில் இருக்கிறது. அதைக் கொடுத்துவிட்டுப் போகிறேன்.

மறுநாள் மகள் வந்துவிட்டாள். பொட்டலத்தையும் ரிஜிஸ்டரையும் எடுத்துக்கொண்டு வார்டுக்குப் போனேன். அம்மா படுத்தபடியே பொட்டலத்தை வாங்கி, மகளிடம் கொடுக்காமல், நெஞ்சின் மேல் விரித்து வைத்துக்கொண்டார். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மாஸ்க் இல்லாமல் அவர் என்னைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. குரலை வைத்துத்தான் அடையாளம் கண்டிருக்க வேண்டும்.

"ஒண்ணு குறையுது, ஒண்ணு குறையுதுன்னு அந்த டாக்டரம்மாகிட்ட மல்லுக்கு நின்னது நீதான தாயி?"

"ஆமாம்மா. பயந்துட்டீங்களா?"

அவர் பதில் சொல்லவில்லை. தாலி இரண்டு, குண்டு ஆறு, பவளம் நான்கு என்று விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு எண்ணினார். பிறகு ரிஜிஸ்டரைக் கொண்டுவரச் சொல்லிக் கட்டைவிரலை நீட்டினார்.

"இதுல ஒண்ணும் குறையல" என்றார்.